மொட்டை மாடியில சேலை வீசுற குடும்பம்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடியைப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா, இந்த வீட்டுல ஏதோ கோளாறுன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. ஒரு மூலையில என் பையன் (எட்டு வயசு) தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டுக் கையைக் காலை ஒதறுறான். எதிர் மூலையில என் பொண்ணு (பன்னெண்டு) குப்புறப் படுத்துக்கிட்டு, அவங்கம்மாவோட பழைய சுங்குடிச் சேலையை அவன் மேல வீசுறா. நடுவுல நான், விசில் மட்டும்தான் பாக்கி. "இன்னும் தள்ளிப் போடு கண்ணு, அவன் தலைக்கு மேல போகணும், கைக்கு இல்ல"ன்னு கத்திக்கிட்டு நிக்கறேன்.

எதுத்த வீட்டு அக்கா துணி எடுக்க மாடிக்கு வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. "ஏனுங் தம்பி, நாடகமுங்களா?"ன்னாங்க. "இல்லீங்க்கா, பையன் ஆத்துல முழுகறான்"னேன். ஒண்ணும் சொல்லாம கீழ எறங்கிப் போயிட்டாங்க :-)

ஊட்டுக்காரம்மாவுக்கு இதுல வேற வருத்தம். "சேலை பழசுதான், அதுக்காக நாலு தடவை நனைச்சு நனைச்சா போடறது?" நனைச்சாத்தாங்க போகும். காஞ்ச சேலையை வீசிப் பாருங்க, ரெண்டடி தூரத்துல காத்துல விரிஞ்சு நம்ம மூஞ்சியிலயே வந்து அப்பும். முனையில ஒரு பெரிய முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைத் தண்ணியில முக்கி எடுத்து வீசுனா கல்லு மாதிரி போகுது. இதைக் கண்டுபுடிக்க எங்களுக்கு மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

எதுக்கு இந்தக் கூத்துன்னு சொல்லணும்னா ஊரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

எங்கூரு மோகனூர். நாமக்கல்லுல இருந்து தெக்க வந்தா காவிரியில முட்டி நிக்கும். அசலதீபேஸ்வரர் கோயில், காந்தமலை முருகன், நாவலடியான், சர்க்கரை ஆலைன்னு சொன்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்குப் புரிஞ்சுரும். அக்கரையில வாங்கல், அது கரூர் மாவட்டம். பாலம் வர்றதுக்கு முன்னாடி பரிசல்தான். ஆடி பதினெட்டுன்னா சுத்துப்பட்டு சனமெல்லாம் இங்க ஆத்துலதான் நிக்கும். காவிரி இந்த இடத்துல அகலம் ஜாஸ்தி. பாக்கறதுக்கு அமைதியா, கணுக்கால் தண்ணி மாதிரி கெடக்கும். நாலு எட்டு வெச்சா முழங்கால். அஞ்சாவது எட்டு எங்கன்னு ஆத்துக்குத்தான் தெரியும். எங்க காலத்துல மடு. பொறவு மணல் அள்ளுன குழிகளும் சேந்துக்கிச்சு. மேல மேட்டூர்ல எவ்வளவு தெறந்தாங்கன்னு பொறுத்து ஒரே நாள்ல ஆறு வேற ஆறாயிரும். 2024 ஆடிப்பெருக்கப்ப மேட்டூர்ல இருந்து ஒரு லட்சம் கன அடிக்கு மேல வந்துச்சு, காவிரிக் கரையில பல எடத்துல எறங்கவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க.

இப்படி ஒரு ஊருல பொறந்து வளந்த எனக்கு, சின்ன வயசுல ஆத்தைப் பத்திச் சொல்லிக்குடுத்த ஒரே பாடம்: "ஆத்துக்குப் போகாதே." அவ்வளவுதான். ஆத்தங்கரையில வீட்டை வெச்சுக்கிட்டு ஆத்துக்குப் போகாதேன்னா எந்தப் பையன் கேப்பான்?

1989, டிசம்பர். அரைப்பரீட்சை லீவு. எனக்குப் பத்து வயசு. நான், என் கூடப் படிச்ச ஒருத்தன், எங்க பெரியப்பா பையன், மூணு பேரும் ஆத்துக்குப் போனோம். அண்ணனுக்குப் பதினேழு. புதுசா வேட்டி கட்ட ஆரம்பிச்சிருந்தாரு, அந்தப் பெருமையில வீட்டுக்குள்ளயும் வேட்டிதான், வெளியிலயும் வேட்டிதான். எட்டு முழம்.

கூட வந்தவன் தண்ணியில நடந்துக்கிட்டே போனான். திடீர்னு உசரம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கத்தவே இல்லை. சினிமாவுல காட்டற மாதிரி 'காப்பாத்துங்க'ன்னு கையை ஆட்டவும் இல்லை. வாயி தண்ணிக்கு மேல ஒரு தடவை வந்துச்சு, போச்சு. நான் அவன் வெளையாடறான்னு சிரிச்சேன். அண்ணன்தான் மொதல்ல புரிஞ்சுக்கிட்டாரு. வேட்டியை அவுத்து என் காலடியில போட்டுட்டு, "இங்கயே நில்லுடா"ன்னு சொல்லிட்டுப் பாய்ஞ்சாரு.

அவருக்கு நீச்சல் தெரியும். ஆனா முழுகறவன் கழுத்தைக் கட்டிக்கிட்டா அதை எப்படிச் சமாளிக்கறதுன்னு தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? ரெண்டு பேரும் சேந்து உள்ள போனாங்க. ஒரு தடவை அண்ணன் அவனை மேட்டுப் பக்கமாத் தள்ளுனது நல்லா ஞாபகம் இருக்கு. அவன் மணல்ல தட்டித் தடுமாறி நின்னுட்டான். அண்ணன் வரலை.

நான் நின்னேன். "இங்கயே நில்லு"ன்னு சொன்னாருல்ல, நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. பொறவு பரிசல்காரரு பாத்துட்டு ஓடி வந்தாரு. தூக்கிட்டு வந்து தலைகீழாப் புடிச்சாங்க, வயித்தை அமுக்குனாங்க, தண்ணி வந்துச்சு, "தண்ணி வந்துருச்சு, பொழைச்சுக்குவான்"னாங்க. வாயோட வாய் வெச்சு ஒரு மூச்சு ஊதணும்னு அந்தக் கரையில நின்ன முப்பது பேருக்கும் தெரியாது. அவங்களைக் குத்தம் சொல்லலை. யாரும் யாருக்கும் சொல்லிக்குடுக்கலை, அவ்வளவுதான்.

அன்னிக்குப் பொழைச்சவன் இப்ப லாரி ஓட்டறான். வடக்க போனான்னா மாசக்கணக்குல வரமாட்டான். ஆடி பதினெட்டுக்கு மட்டும் எங்க லோடு கெடைச்சாலும் ஏத்திக்கிட்டு ஊரை விட்டுப் போயிருவான். நாங்க ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு தடவை கூடப் பேசுனதில்லை.

இதையெல்லாம் மூட்டை கட்டிப் போட்டுட்டுத்தான் இருந்தேன். 2020 ஆகஸ்ட்ல ஒரு செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா பாருங்க. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில மருதையாத்து நீர்த்தேக்கம். கிரிக்கெட் ஆட வந்த பசங்க குளிக்கலாம்னு எறங்குறாங்க. அங்க துணி தொவைச்சுக்கிட்டிருந்த மூணு பொம்பளைங்க, செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், ஆனந்தவள்ளி, ஆழமா இருக்குதுன்னு எச்சரிக்கறாங்க. அப்படியும் நாலு பேர் தண்ணியில மாட்டிக்கறாங்க. மூணு பேரும் கட்டியிருந்த சேலையை அவுத்துத் தண்ணியில வீசுறாங்க. ரெண்டு பேரைப் புடிச்சு இழுத்தாச்சு. மீதி ரெண்டு பேரைக் காப்பாத்த முடியலை. அந்த வருஷம் சுதந்திர தினத்துல தமிழ்நாடு அரசு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது குடுத்துச்சு.

எல்லாரும் "மானம் பெருசா உசுரு பெருசா"ன்னு உருகி உருகி எழுதுனாங்க. சரிதான், நானும் மதிக்கறேன். ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராததுக்குக் காரணம் அது இல்லை. எட்டு முழ வேட்டி. என் காலடியில கெடந்துச்சு. கிட்டத்தட்ட பன்னெண்டு அடி. நான் அதை மிதிச்சுக்கிட்டு நின்னேன். எட்டியிருக்குமான்னு தெரியாது. பத்து வயசுப் பையன் புடிச்சு இழுத்திருக்க முடியுமான்னும் தெரியாது. வீசணும்னு தோணவே இல்லை. முப்பத்தோரு வருஷம் கழிச்சு, பெரம்பலூர்ல மூணு பேர் செஞ்சதைப் படிச்சப்பதான் வேட்டின்னா வீசக்கூடிய பொருள்னே எனக்குத் தோணுச்சு.

அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். தண்ணியில முழுகறவங்க பெரும்பாலும் கத்த மாட்டாங்களாம். மூச்சு விடவே வாய் தண்ணிக்கு மேல நிக்காதப்ப கத்தறது எங்க? கை தன்னாலே தண்ணியை அமுக்கும், ஆட்ட வராது. ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சு போற விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பர்ல ஒரு அறிக்கை போட்டாங்க: 2021ல மட்டும் உலகம் முழுக்கத் தண்ணியில முழுகிச் செத்தவங்க சுமார் 3 லட்சம் பேர், அதுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள கொழந்தைங்க. இந்த 3 லட்சத்துல எத்தனை பேர் அடுத்தவங்களைக் காப்பாத்தப் பாய்ஞ்சவங்களோ.

இந்த 'பாய்ஞ்சு காப்பாத்துன' கதைகள் மேல எனக்கு ஒரு கோவம் உண்டு. சொல்லிடறேன், திட்டறவங்க திட்டிக்கோங்க. வருஷா வருஷம் சின்னப் பசங்களுக்கு வீரதீர விருது குடுக்கறாங்கல்ல, அதுல தண்ணியில குதிச்சுக் கூட்டாளியைக் காப்பாத்திட்டுத் தானும் போயிட்ட கொழந்தைங்க பேரு அடிக்கடி இருக்கும். பெத்தவங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க. அந்த விருது எப்படி ஆரம்பிச்சுதுன்னு பாத்தா வேற கதை. 1957 அக்டோபர் 2, டெல்லி ராம்லீலா மைதானம். நேரு உக்காந்திருந்த பந்தல்ல தீப்புடிச்சுருச்சு. ஹரிஷ் மெஹ்ரான்னு பதினாலு வயசு சாரணப் பையன் கம்பத்துல ஏறி, தன் சாரணர் கத்தியாலயே பந்தல் துணியை அறுத்துத் தீ பரவாம நிறுத்துனான். அதைப் பாத்துத்தான் நேரு இப்படி ஒரு விருது வேணும்னு தொடங்கி வெச்சாரு. இதுல நான் பாக்கறது தைரியத்தை இல்லீங்க. அவன் இடுப்புல கத்தி இருந்துச்சு, அதை வெச்சு என்ன செய்யணும்னு அவனுக்கு யாரோ சொல்லிக்குடுத்திருந்தாங்க. தைரியம் எங்க அண்ணனுக்கும்தான் இருந்துச்சு.

நானும் பள்ளிக்கூடத்துல ஜூனியர் ரெட் கிராஸ்ல இருந்தவன்தான். நெஞ்சுல பேட்ஜ் எல்லாம் உண்டு. ஹென்றி டுனாண்ட் பொறந்த நாள் மே 8, சோல்பெரினோ போர் 1859, எல்லாம் தலைகீழாச் சொல்லுவேன். முக்கோணக் கட்டுத்துணியை மடிச்சு வெக்கச் சொல்லிக்குடுத்தாங்க. பிரிச்சுக் கட்டுனது ஒரே ஒரு நாள். மத்தபடி விளையாட்டு விழாவுல தண்ணி ஊத்துனோம். இப்படித்தான் பல எடத்துலயும் நடந்துச்சு, இன்னிக்கும் எத்தனை பள்ளிக்கூடத்துல ஒழுங்கா நடக்குதுன்னு வாத்தியாருங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. 2004ல கும்பகோணத்துல 94 பிஞ்சுங்க கருகுனதுக்கப்புறம்தான் கூரையை மாத்துனாங்க, படியை அகலப்படுத்துனாங்க. நெருப்பு வந்தா பொகைக்கு அடியில தவழ்ந்து போகணும், சட்டையில புடிச்சா ஓடாம நின்னு, படுத்து, உருளணும்னு கொழந்தைக்குச் சொல்றதுக்கு ஒரு பைசா செலவில்லை. அதைச் சொன்னாங்களான்னு என் பசங்களைக் கேட்டேன். "டீச்சர் ஒருவாட்டி சொன்னாங்கப்பா, சார்ட் ஒட்டியிருக்குது"ன்னாங்க. சார்ட்டுல உருண்டா ஆச்சா?

சரி, வீட்டுலயே ஆரம்பிச்சுருவோம்னு ஆரம்பிச்சதுதான் இந்த ஞாயித்துக்கிழமைக் கூத்து.

மொத விதி: தண்ணியில எறங்கக் கூடாது. யாரு முழுகுனாலும், தம்பியே முழுகுனாலும். இதைச் சொன்னப்ப பொண்ணு மொறைச்சா. "அப்ப நான் பாத்துட்டு நிக்கணுமா?" இல்லை. மொதல்ல கத்தணும். "அய்யோ"ன்னு கத்தாதே, "ஆத்துல ஆள் முழுகறாங்க, ஓடியாங்க"ன்னு கத்து. பொறவு குச்சி, மூங்கில், எதுவா இருந்தாலும் நீட்டு. நீட்டும்போது நிக்காதே, படுத்துக்கோ, இல்லேன்னா உன்னையும் சேத்து இழுத்துரும். எட்டலைன்னா வீசு. சேலை, வேட்டி, துப்பட்டா. அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன் இருந்தா அதுல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி மூடியை இறுக்கி, கயித்துல கட்டி வீசு. சுத்தமாக் காலியா இருக்கற கேன் காத்துல திரும்பி வந்துரும். முழுகறவங்க தலையைத் தாண்டி விழணும், அப்பத்தான் இழுக்கும்போது அவங்க கைக்கு வரும். கைக்கு நேரா வீசுனா முன்னாடியே விழுந்துரும்.

வெளிய எடுத்தப்புறம் தலைகீழாத் தூக்கக் கூடாது, வயித்தை அமுக்கக் கூடாது. நுரையீரலுக்குப் போன தண்ணி வயித்தை அமுக்குனா வராது. வாந்திதான் வரும், அது மூச்சுக்குழல்ல போயி அடைக்கும். ஆள் அசைவில்லாம, மூச்சில்லாம இருந்தா மல்லாக்கப் படுக்க வெச்சுத் தலையைப் பின்னால சாய்ச்சு, மூக்கைப் பொத்தி, மொதல்ல அஞ்சு மூச்சு. பொறவு நெஞ்சு நடுவுல முப்பது அமுக்கு, ரெண்டு மூச்சு, திரும்ப முப்பது, ரெண்டு. வண்டி வர்ற வரைக்கும். நிமிஷத்துக்கு நூறுல இருந்து நூத்தியிருபது அமுக்கு, பெரியவங்களுக்கு அஞ்சு செண்டிமீட்டருக்குக் கொறையாம எறங்கணும். தலகாணியில பழகறோம். பையனுக்கு எண்ண வருது, பலம் பத்தலை. பொண்ணு ரெண்டு நிமிஷம் தாக்குப் புடிக்கறா. 2015ல உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் குடுத்த ஒரு திட்டத்துல பன்னெண்டு வயசுல இருந்து வருஷத்துக்கு ரெண்டு மணி நேரம் பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக்குடுங்கன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டே மணி நேரம்! நம்ம பசங்க வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் மார்ஜின் போடறாங்க?

அடுத்தது 108. இதுதான் பெரிய காமெடி. பொண்ணு 108 ஆபீஸ், பையன் போன் பண்றவன்.

"வணக்கம், 108. என்ன உதவி வேணும்?"

"எங்க ஆத்தா விழுந்துட்டாங்க."

"எங்கிருந்து பேசறீங்க?"

"வீட்டுல இருந்து."

"எந்த ஊருங்க?"

"எங்க ஊருதான்."

"வீடு எங்க இருக்குது?"

"கருப்பு நாய் படுத்திருக்கும், அதுக்கு எதுத்தாப்ல."

சிரிச்சு முடிச்சுட்டு யோசிச்சா வயித்தைக் கலக்குச்சு. எட்டு வயசுப் பையனுக்கு வீட்டு நம்பர் தெரியலை, தெருப் பேரு தெரியலை, எங்க போன் நம்பர் தெரியலை. மாவட்டம், தாலுக்கா, ஊர், பக்கத்துல இருக்கற கோயில், இதெல்லாம் வரிசையாச் சொல்லப் பழக்கியிருக்கோம். போன் லாக் ஆகியிருந்தாலும் அவசர அழைப்பு போகும்னு காட்டிக்குடுத்தேன் (அதுக்கு முன்னாடி அவன் என் பாஸ்வேர்டைக் கண்டுபுடிச்சு வெச்சிருக்கறது தெரியவந்தது, அது தனிக்கதை). 108 நம்ம தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பர்ல. எங்க அண்ணனுக்குப் பத்தொன்பது வருஷம் லேட்டு.

வீட்டுல மொத பரீட்சை எங்கம்மாவுக்குத்தான் வந்துச்சு. போன தையில கொதிக்கற ரசத்தைக் கையில ஊத்திக்கிட்டாங்க. பையன் ஓடிப்போய்க் கையைப் புடிச்சுக் குழாய்க்கடியில வெச்சுட்டான். "இருவது நிமிஷம் ஆத்தா, எடுக்கக் கூடாது. வளையலைக் கழட்டுங்க." எங்கம்மா பேனா மை கேக்கறாங்க, இட்லி மாவு கேக்கறாங்க, பேஸ்ட் கேக்கறாங்க. பையன் விடவே இல்லை. "இருவது நிமிஷம் தண்ணியை ஓட விட்டா மோட்டாரு போட்ட கரண்டுக் காசை உங்கப்பனா குடுப்பான்?"னாங்க. ஆமாங்க, நான்தான் குடுக்கறேன் :-) கொப்புளம் சின்னதா வந்து போயிருச்சு.

ரெண்டாவது பரீட்சை அவ்வளவு லேசா முடியலை.

பக்கத்துத் தோட்டத்து அக்கா கட்டுத்தரையில மாட்டுக்குச் சோளத்தட்டு உருவும்போது கால்ல ஏதோ கடிச்சுருச்சு. பொழுது மசங்குற நேரம். நான் வேலைக்குப் போயிருந்தேன். என் பொண்ணு பால் வாங்கப் போனவ அங்கதான் நின்னிருக்கா. ஆளாளுக்கு ஓடி வந்து, ஒருத்தர் தாம்புக்கயித்தை எடுத்து முழங்காலுக்குக் கீழ இறுக்கிக் கட்டிட்டாரு. இன்னொருத்தர் பிளேடு எங்கன்னு கேக்கறாரு. மூணாவது ஆள் மந்திரிக்கற எடத்துக்கு வண்டியை எடுக்கச் சொல்றாரு. நாலாவது ஆள் பாம்பைத் தேடிக்கிட்டுத் தட்டுப்போரைப் பிரிக்கறாரு.

என் பொண்ணு சொல்லியிருக்கா: "கட்டக் கூடாதுங்க. கீறக் கூடாதுங்க. ஆட்டாமப் படுக்க வெக்கணும்ங்க." கேட்டது யாரு? "பெரியவங்க இருக்கறப்ப நீ என்ன புள்ளை, அந்தப் பக்கம் போ"ன்னு தொரத்திட்டாங்க.

தள்ளிப் போயி 108க்கு அடிச்சிருக்கா. ஊரு, தோட்டம், கோயில் எல்லாம் கடகடன்னு சொல்லியிருக்கா. பொறவு செஞ்சதுதான் நான் சொல்லிக்குடுக்காதது. போனை ஸ்பீக்கர்ல போட்டு அந்தக் கூட்டத்து நடுவுல கொண்டாந்து நீட்டிட்டா. அந்தப் பக்கம் பேசுன அம்மா, "காலை அசைக்காதீங்க, அறுக்காதீங்க, நடக்க வெக்காதீங்க, வண்டி கெளம்பிருச்சு"ன்னு சொன்னதும் மொத்தக் கூட்டமும் கப்சிப். ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி இந்தப் பொண்ணு சொன்ன அதே வார்த்தைதான்! கட்டுன கயித்தை மட்டும் அவிழ்க்கலை. ஆஸ்பத்திரியில டாக்டர்தான் மருந்து ஏத்திட்டு மெதுவாத் தளர்த்துனாரு. மொத்தமா இறுகிக் கெடந்ததைச் சட்டுனு அவிழ்த்தா வெசம் ஒரேயடியா ஏறிரும், ரத்தம் போகாம காலே கெட்டும் போகலாம்னு அப்புறம் எனக்கு வெளக்கமாச் சொன்னாரு.

கண்ணாடிக் குழாயில ரத்தத்தை எடுத்து இருவது நிமிஷம் அசைக்காம வெச்சுப் பாத்தாங்களாம். உறையலை. விரியன் வகைன்னு முடிவு பண்ணி மருந்து ஏத்துனாங்க. பாம்பை அடிச்சுக் கொண்டு போகவே தேவையில்லை பாருங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். அதுக்கு வேணும்கற வெசத்தை எடுக்கறதே செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில இருக்கற இருளர் கூட்டுறவு சங்கம்தான், 1978ல தொடங்குனது. அவங்க எடுக்கற வெசம் குதிரைக்குள்ள போயி மருந்தாகி நம்ம அக்கா கையில ஏறுது.

இந்தியாவுல 2000ல இருந்து 2019 வரைக்கும் வருஷத்துக்குச் சராசரியா 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியில செத்திருக்காங்கன்னு ஒரு பெரிய ஆய்வு சொல்லுது. 2024 நவம்பர்ல நம்ம அரசு பாம்புக்கடியை ஆஸ்பத்திரிங்க கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல சேத்துருச்சு. நல்ல விஷயம். ஆனா தாம்புக்கயிறு எந்தப் பட்டியல்லயும் இல்லை.

அக்கா ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க. டாக்டர் ஒரு கேள்வி கேட்டாராம்: "கொலுசு, மெட்டியெல்லாம் யாரு கழட்டுனது? நல்ல வேளை, வீங்கியிருந்தா நறுக்கித்தான் எடுத்திருக்கணும்." என் பொண்ணுதான். எல்லாரும் கயித்தோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தப்ப இவ கீழ உக்காந்து மெட்டியைக் கழட்டி மடியில போட்டிருக்கா.

பெருமையா இருந்துச்சுன்னு சொன்னா பாதி உண்மை. அன்னிக்கு ராத்திரி அவ அழுதா. "கயித்தை நான் அவிழ்க்கச் சொல்லலையேப்பா, அந்த அக்காவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பத்து வயசுல நான் கேட்ட கேள்வியை இவ பன்னெண்டு வயசுல கேக்கறா. இவளுக்குச் சொல்லிக்குடுத்தது தப்போன்னு கூடத் தோணுச்சு. தெரியாம நின்னவனுக்கும் ஒரு பாரம், தெரிஞ்சு செஞ்சவளுக்கும் ஒரு பாரமான்னு. ரொம்ப நேரம் அவகிட்ட உக்காந்து, நீ என்ன செய்ய முடியும்னு இருந்துச்சோ அதைச் செஞ்சே, பெரியவங்க செஞ்சது பெரியவங்க கணக்கு, உன் கணக்குல வராதுன்னு சொன்னேன். அதோட எங்க அண்ணன் கதையையும் மொத தடவையா வீட்டுல சொன்னேன். வேட்டியைப் பத்தியும்.

அவ உடனே கேட்ட கேள்வி, "எட்டு முழம்னா எத்தனை மீட்டர்ப்பா?" கணக்குப் போட்டு, மூணரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலன்னா. "நம்ம சேலை அஞ்சரை மீட்டர் வருதுல்ல, அதையே பழகலாம்"னா. அவ்வளவுதான், தூங்கிட்டா.

இப்ப இந்த ஞாயித்துக்கிழமைக் கூட்டம் ரெண்டு பேர்ல இருந்து ஏழு பேராயிருச்சு. தெருவுல இருக்கற பசங்க. எதுத்த வீட்டு அக்கா பேரனும் வர்றான் (நாடகமுங்களான்னு கேட்டவங்கதான்!). பெரியவங்களையும் கூப்புட்டுப் பாத்தேன். வந்தவங்க ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் டீ குடிக்க வந்தாரு. நீச்சல் தனியா ஏற்பாடு பண்ணணும், கெணத்துல சொல்லிக்குடுக்க ஒரு பெரியவர் ஒத்துக்கிட்டிருக்காரு, பங்குனி வரட்டும்னாரு. சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் சொல்லிக்குடுப்பேன், ரப்பர் ட்யூப் எல்லாம் ஆவாதுன்னு ஒரே கண்டிசன். ரெண்டையும் கட்டிக்கலாம்னு பேசி முடிச்சிருக்கேன்.

போன வாரம் பெரியம்மா வந்திருந்தாங்க. அண்ணனைப் பெத்தவங்க. எழுவத்தஞ்சைத் தாண்டியாச்சு, முட்டி வலி, படி ஏறவே மாட்டாங்க. அன்னிக்கு என்னமோ சத்தம் கேட்டு மெதுவா மாடிக்கு ஏறி வந்துட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. சேலையைச் சுருட்டி மறைக்கப் பாத்தேன். அதுக்குள்ள என் பொண்ணு, "ஆத்துல யாராச்சும் முழுகுனா இதை வீசி இழுக்கணும் ஆத்தா, நாம எறங்கக் கூடாது"ன்னு முழுசாச் சொல்லிட்டா.

பெரியம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. பொறவு சேலையோட முனையைக் கையில வாங்கி, முடிச்சை இழுத்துப் பாத்தாங்க. உருவிக்கிட்டு வந்துருச்சு.

"இது நிக்காது சாமி. மாட்டுக்குப் போடற முடிச்சைப் போடோணும். இங்க கொண்டா"ன்னு அவங்களே தரையில உக்காந்து போட்டுக் காட்டுனாங்க. பசங்க ஏழு பேரும் சுத்தி உக்காந்துக்கிட்டாங்க. ரெண்டு தடவை போட்டு, ரெண்டு தடவை அவிழ்த்து, மூணாவது தடவை என் பையன் கையில குடுத்து இழுக்கச் சொன்னாங்க. உருவலை.

இந்த ஞாயிறு மழை வரும்போல இருக்குது. வரலைன்னா அஞ்சு மணிக்கு மாடியிலதான் இருப்போம்.